ஓடாத காரின் பெல்ற்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில்கூட பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் மணி அடிக்கிறவள் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். ஆனாலும் சொந்தக்காரர் யாராவது பழைய கார் வாங்கப் போகிறோம் என்றால், அதுவும் கொஞ்சம் ஆடம்பரமான கார் என்றால், நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க மாட்டேன். பெயின்றின் மினுக்கத்தைப் பார்க்காதே, சீற்றைத் தடவிப் பார்க்காதே, மீற்றரைப் பார்த்துப் பல்லை இளிக்காதே, முதலில் என்ஜினின் முன்பக்க மூடியைக் கழற்றச் சொல்லி ரைமிங் பெல்ற்றைப் பார் என்பேன். மாமிக்கு வயது போய் விசராக்கிப்போட்டுது என்று சொந்தத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கென்ன.

அந்தப் பெல்ற் ரப்பரில் செய்தது. உள்பக்கம் பல் வைத்திருக்கும். என்ஜினின் கீழே சுழல்கிறதையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிறதையும் நேரம் பிசகாமல் சேர்த்து ஓட்டுவது அதுதான். அது அறுந்தால் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும், பிறகு என்ஜினைக் கழற்றி இரும்புக்குப் போட வேண்டியதுதான். ஆகவே விரலால் பிடித்து அரைவாசி முறுக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு விட்டிருக்கிறதா, பல் தேய்ந்திருக்கிறதா, முதுகு கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கார் எவ்வளவு தூரம் ஓடியது என்று மீற்றர் சொல்லும். என்ஜின் எவ்வளவு நேரம் சுழன்றது என்பதைப் பெல்ற்தான் சொல்லும். இதை நான் எந்தக் கராச்சிலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கார்க் கொட்டிலில், என் ஐயா தலை குனிந்து நின்ற ஒரு பின்னேரம் படித்தேன்.

கார் அண்ணையுடையது. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான். அண்ணை கொழும்பில் எஞ்சினியராக இருந்தார். நான் மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யப்பானில் ஓடிய கார்களைத் திருத்திக் கொண்டுவந்து இங்கே விற்ற காலம் அது. அண்ணை அப்படி ஒன்றை வாங்கி, எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதம் லீவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் கார். பட்டனை அமத்தினால் கண்ணாடி தானாக இறங்கும். உள்ளே குளிர்காற்று அடிக்கும். சீற் எல்லாம் மெரூன் வெல்வெற். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தபோது, கிடுகு வேலி உரசிக் கீறிப்போடும் என்று அம்மா காருக்கு முன்னால் நடந்து, இரண்டு பக்க வேலியையும் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். அண்ணை கோர்ன் அடித்து அடித்துச் சிரித்தார்.

லீவு முடிந்தது. ரோட்டில் ஆமிக்காரர் மறித்து மறித்துச் சோதிக்கிறாங்கள், புதுக் காரைக் கீறிப்போடுவாங்கள் என்று சொல்லி, அண்ணை அதைக் கொட்டிலில் விட்டுவிட்டு ரயிலில் போனார். நல்லூர்த் தேருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. போகிற அன்று ஐயாவை ஓட்டுநர் சீற்றில் இருத்தி, கார்த் திறப்பை எப்படிப் போட்டுத் திருப்புவது என்று காட்டிக்கொடுத்தார். ஐயாவுக்கும் கார் ஓட்டத் தெரியாது.

"ஐயா, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கோ. இல்லாட்டில் பற்றறி இறங்கிப்போம். கியரிலை மட்டும் கை வைச்சுப்போடாதேங்கோ."

அண்ணை ஐயாவிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆடி மாதம் கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி வெட்டியும் எரித்தும் நடந்ததை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அண்ணை வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அவரோடு வேலை செய்த ஒருவர் தப்பி வந்து, அன்று மத்தியானம் அண்ணை வீட்டுப் பக்கம் நடந்து போனதைக் கண்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை. காங்கேசன்துறையில் கொழும்பிலிருந்து தப்பிய சனம் கப்பலில் வந்து இறங்க இறங்க, ஐயாவும் அம்மாவும் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். பிறகு கப்பல் வருவதும் நின்றுவிட்டது.

உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத வீட்டில் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கே அழுவதா, ஆறுதல் சொல்வதா, வருவான் என்று நம்பிக்கை சொல்வதா என்று தெரியவில்லை. வாசல் படலைக்குள் வந்து நின்று தடுமாறிவிட்டுப் போனார்கள். அண்ணை செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அப்போது அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஐயா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, அந்தச் சொல் அம்மாவின் காதில் விழவே கூடாது, விழுந்தால் அவவும் எங்களுக்கு இல்லை என்று சொன்னார். எனக்கும் அது உண்மையென்றே பட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அந்தக் குழப்பத்தில் காரை எல்லாரும் மறந்துபோனோம். ஒரு பின்னேரம் ஐயாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, கொட்டிலுக்குப் போய்த் திறப்பைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. அறைக்குள் அம்மா எழும்பி உட்கார்ந்தார். மெதுவாக நடந்து குசினிக்கு வந்து பலகையில் இருந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டார். நான் அவசரம் அவசரமாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கோப்பை முழுவதும் சாப்பிட்டார். கொட்டிலில் இருந்த ஐயா குசினி யன்னலூடாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகென்ன. ஒவ்வொரு பின்னேரமும் அதுவே நடைமுறையாகிவிட்டது. விளக்கு வைத்ததும் ஐயா போய்க் காரை ஸ்ரார்ட் பண்ணுவார். அம்மா வந்து சாப்பிட இருப்பார். அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் ஐயா நிற்பாட்ட மாட்டார். அம்மா மெதுவாகச் சாப்பிட்டால் கார் அதிக நேரம் ஓடும். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிக நேரம் ஓடும். ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கோ தூரம் போகிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு ஐயா இருப்பார். சாப்பாடு முடிந்ததும் நான் யன்னலுக்குள்ளால் கையைக் காட்டுவேன். அவர் நிற்பாட்டிவிட்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டு, இருமிக்கொண்டு வருவார். கார் அரை அடி அசையவில்லை. மீற்றர் அப்படியே நின்றது. ஓடாத கார் தேயாது, அண்ணையின் கார் புதுசு மாதிரியே இருக்கிறது என்று ஐயாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

ஐயா என்ன வேலை பார்த்தவர் என்று சொல்ல வேண்டும். அவர் நிறுவை அளவைப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவர். கடைகளின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய வேலை. சந்தைகளில் அவரை முத்திரைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் வருகிறார் என்றால் பாதித் தராசு சாக்குக்கு அடியில் ஒளிக்கும். ஒரு கடையிலும் ஒரு வெற்றிலைகூட வாங்கிப் போட மாட்டார். இளைப்பாறிய பிறகும், மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போது கமக்காரருக்கும் வியாபாரிக்கும் சண்டை வந்தால், ஆள் அனுப்பி ஐயாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தராசைத் தூக்கிப் பார்த்து ஒன்று சொன்னால் அதற்குப் பிறகு அப்பீல் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சின்ன வயதில் நானும் அண்ணையும் மாம்பழத்துக்குச் சண்டை பிடித்தால் இரண்டு துண்டையும் கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. வருடங்கள் போகப் போக அந்தப் பின்னேரச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிறது நான். புகைக்குள் இருந்து இருமிச் சாகிறது ஐயா. வருவாரோ வருவாரோ என்று வாசலைப் பார்க்கிறது அம்மா. இந்தக் கோதாரிக் காரை வித்துத் தொலையுங்கோ என்று ஐயாவோடு சத்தம் போடுவேன். அவர் திறப்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார். எண்பத்தொன்பதில் இன்னொரு கரைச்சல் வந்தது. தோளில் துவக்கைக் கொழுவிக்கொண்டு வந்த சில இயக்கப் பெடியள் காரை இரவல் கேட்டார்கள். அது ஓடாது என்று ஐயா சொல்லி அனுப்பினார். ஓடாத கார் பின்னேரத்தில் ஊருக்கே கேட்க உறுமினால் யார் நம்புவது? இரண்டாம் முறை வந்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போன விதம் எனக்குப் பயமாக இருந்தது. ஐயாவை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ஐயா, "சரி பிள்ளை, வாங்கிறதுக்கு ஆளைப் பார்" என்றார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அண்ணை வந்தால் இதைவிடப் புதுசாக வாங்குவார், இது கிடந்து பழுதாய்ப் போகுது என்று பொய்யைக் கோத்துச் சொன்னேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவலையில் இருந்து தலையை நிமிர்த்தாமல், உங்கடை விருப்பம் என்று மட்டும் சொன்னார்.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சவூதியில் வருடக்கணக்காகக் கார் ஓட்டியும் திருத்தியும் வேலை செய்து திரும்பியவர். கலியாணங்களுக்கு வாடகைக்கு விட ஒரு நல்ல கார் தேடிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, பெரிய குரல், பெரிய சிரிப்பு. படலைக்குள் வரும்போதே ஐயாவைக் கும்பிட்டு, தன் தகப்பன் யார் என்று சொன்னார். சாவகச்சேரிச் சந்தையில் கடை வைத்திருந்தவர் தகப்பன். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி வைத்து நிறுத்தபோது அவரை ஐயா பிடித்து வழக்குப் போட்டிருந்தார். பழைய கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் சிரித்தார். தகப்பன் செய்தது பிழைதானே என்றார்.

"முத்திரைக்காரர் வீட்டுக் கார் எண்ட ஒரு காரணத்துக்குத்தான் ஐயா நான் இவ்வளவு தூரம் வந்தனான். உங்கடை வீட்டிலை ஏமாத்து இருக்காது."

ஐயாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அதை நான் கண்டு எத்தனையோ காலம்.

அவர் காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார், வெல்வெற் சீற்றில் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கினார். ஸ்ரார்ட் பண்ணிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். மீற்றரைப் பார்த்ததும் விசிலே அடித்துவிட்டார். கொழும்பிலிருந்து இங்கே வந்து அப்படியே நின்ற கார் என்று நான் சொல்ல, அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது அவர், எதற்கும் பெல்ற்றை ஒருக்கால் பார்ப்போம் என்று காற்சட்டைப் பையிலிருந்து ஆணி கழற்றுகிற சாவி ஒன்றை எடுத்தார்.

கொட்டிலுக்கும் குசினி யன்னலுக்கும் இடையில் ஒரு செம்பரத்தை மரம்தான். யன்னலுக்கு அங்கால் அம்மா சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் முன்மூடியின் ஆணிகளைக் கழற்றி, ரோச் வெளிச்சத்தை உள்ளே பிடித்தார். விரலை விட்டுப் பெல்ற்றை முறுக்கினார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, இஞ்சை வந்து இதைப் பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெல்ற் முழுக்க வயல் வெடிப்பு மாதிரி வெடித்திருந்தது. ஓரிடத்தில் பல்லே இல்லை. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. முதுகு மினுங்கியது. இது அறுந்தால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். குரலில் சிரிப்பு இல்லை. மீற்றர் காட்டுகிற தூரத்துக்கு ஒரு பெல்ற் இப்படி ஆகவே ஆகாது என்றார். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒண்டில் ஆரோ மீற்றரைத் திருப்பியிருக்க வேணும். இல்லாட்டில் இந்தக் கார் நிண்ட இடத்திலை நிண்டு வருசக்கணக்காய் ஓடியிருக்க வேணும். நிண்ட இடத்திலை காரை ஓடவிடுறதுக்கு ஆருக்கு விசர்?"

சுளகுச் சத்தம் நின்றது.

ஐயா யன்னலைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்றால் மகன் என்று வரும். மகன் எங்கே என்று வரும். அம்மா யன்னலுக்கு அங்கால் நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன். ஐயா என் கையைப் பிடித்தார், இறுக்கி, நோகிற மாதிரி.

"ஓம் தம்பி. மீற்றரைத் திருப்பினது நான்தான்."

வந்தவர் ரோச்சை அணைத்தார். கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் பூட்டினார். கையைத் துடைத்தார். போகும்போதுதான் கதைத்தார்.

"எங்கடை அப்புவின்ரை தராசைச் சந்தை நடுவிலை தூக்கிப் பிடிச்சுக் காட்டினனீங்கள். நான் அப்ப சின்னப் பெடியன். பாத்துக்கொண்டு நிண்டனான்."

படலை சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் ஐயா கொட்டிலுக்குள்ளேயே தலை குனிந்து நின்றார். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வந்தவரில் கோபம், ஐயாவில் கோபம், செத்துப்போன அண்ணையில்கூடக் கோபம். இந்த மனிசன் வாழ்நாள் முழுவதும் ஒரு கொத்து அரிசியின் அளவில்கூடப் பொய் சொன்னதில்லை. உலகத்தில் வேறு எந்தப் பொய்யையும் சொல்லியிருக்கலாம். அளவில் களவு செய்தேன் என்றா சொல்ல வேண்டும்? அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று விளக்கு வைத்ததும் ஐயா வழமைபோல் கொட்டிலுக்குப் போனார். காருக்குள் ஏறி இருந்தார். பெல்ற் அறுந்தாலும் அறுந்துபோகட்டும் என்று நினைத்தாரோ, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையோ. திறப்பைப் போட்டார். அப்போது குசினி யன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ. பெல்ற் அறுந்திடும். கதவை மட்டும் அடிச்சுப்போட்டு வாங்கோ."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மழை வருகிறது, உடுப்பை எடுங்கோ என்று சொல்வதுபோலச் சொன்னார். ஐயா திறப்பைக் கழற்றினார். பிறகு இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அம்மா எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, தானும் போட்டுக்கொண்டு இருந்தார். மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது அந்தக் கார் வந்த மாதத்துக்குப் பிறகு அன்றுதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அவர் எவ்வளவு காலமாக எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்பது விளங்கவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் என்ஜின் சத்தம் இல்லை. ஐயா கொட்டிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் காருக்குள் இருப்பார். பிறகு கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்கும். அம்மா சோற்றைப் போடுவார். துவக்கோடு வந்தவர்கள் மூன்றாம் முறையும் வந்தார்கள். ஐயா மூடியைக் கழற்றிப் பெல்ற்றைக் காட்டினார். அவர்களில் ஒருவனுக்கு என்ஜின் தெரியும் போலிருக்கிறது, இது உதவாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அரசாங்கத் தடையால் பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வராமல் நின்றபோது ஊரில் எல்லாருடைய காரும் எங்களுடையதைப் போலக் கொட்டிலுக்குள் நின்றது.

ஆனால் கதை நிற்கவில்லை. முத்திரைக்காரர் மீற்றர் திருப்பினவராம் என்பது சாவகச்சேரிச் சந்தையில் தொடங்கி மருதனார்மடம் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஐயா பிடித்துக் கொடுத்த கடைக்காரர் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் இது அல்வா. வெங்காயச் சண்டைக்கு ஐயாவைக் கூப்பிட ஆள் வருவது நின்றது. முதலில் அவர் சந்தைப் பக்கம் போவதைக் குறைத்தார், பிறகு போகவே இல்லை. மரக்கறி வாங்க நான் போவேன். நான் போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் தராசைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். வீட்டுக்கு வந்து அதை ஐயாவிடம் சொல்ல மாட்டேன். அவர் கேட்கவும் மாட்டார்.

தொண்ணூற்றுமூன்றில் ஐயா செத்துப்போனார். அந்த இருமல்தான். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனோம், மருந்து இல்லாத காலம். செத்தவீட்டில் பந்தலுக்கு வெளியே நின்ற இரண்டு பேர் கதைத்ததை நானும் கேட்டேன், அம்மாவும் கேட்டார். மனிசன் நல்ல மனிசன்தான், உந்த மீற்றர் விசயம் ஒண்டுதான் என்று ஒருவர் சொன்னார். மற்றவர் ஓம் என்றார். அம்மா பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தார். அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவும் ஐயாவின் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒன்றாக எழும்பி நடந்தது. நானும் அம்மாவும் ஒரு சைக்கிளில் இரண்டு பையைக் கொழுவிக்கொண்டு, மழைக்குள், சனத்தோடு சனமாகச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டைப் பூட்டினோம். காரைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையில் ஆறேழு குடும்பங்களோடு ஒரு மூலை கிடைத்தது. களைத்துக் கிடந்த அம்மா எழும்பி நடமாடத் தொடங்கியதும் என்னிடம் முதலில் கேட்டது சாப்பாடோ உடுப்போ இல்லை.

"அண்டைக்குக் கார் பாக்க வந்த பெடியன்ரை வீடு இஞ்சைதானே? என்னைக் கூட்டிக்கொண்டு போ."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இருக்க இடமில்லாமல் நிற்கிறோம், இப்போது போய் அந்த மனிசனின் முகத்தில் முழிக்க வேண்டுமா என்று கத்தினேன். அம்மா சீலையை உதறி உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். அவருடைய வீடு முழுக்க இடம்பெயர்ந்த சனம். முற்றத்தில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், அவர்தான் அகப்பையோடு நின்றார். கறுப்புக் கண்ணாடி இல்லை, தலை நரைத்திருந்தது. எங்களுக்கு இடம் வேண்டும் என்று நினைத்து, ஒரு பாய் போட இடம் பார்க்கிறேன் அம்மா என்றார். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. நான் முத்திரைக்காரரின் மனிசி என்று அம்மா சொன்னதும் அகப்பையைக் கீழே வைத்தார்.

அம்மா நின்றபடியே சொன்னார். பாடமாக்கி வைத்திருந்ததைச் சொல்வதுபோல, திக்காமல் சொன்னார்.

"தம்பி, எங்கடை கார் மீற்றரை ஒருத்தரும் திருப்பேல்லை. அது நிண்ட இடத்திலை நிண்டு ஓடின கார்தான். என்ரை மகன் எண்பத்துமூண்டிலை கொழும்பிலை செத்துப்போனான். எனக்கு அது தெரியாது, நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு அந்தாள் நினைச்சவர். கார்ச் சத்தம் கேட்டால்தான் நான் சாப்பிடுவன் எண்டு ஒவ்வொரு நாளும் ஓடவிட்டவர். நான் சாப்பிட்டு முடிச்சால்தான் அந்தாள் காரை விட்டு இறங்கும். அதுக்குத்தான் நான் சாப்பிட்டனான்."

நான் முற்றத்திலேயே குந்திவிட்டேன். அப்படியென்றால் ஐயா அன்றைக்கு ஏன் ஓம் என்று சொன்னார் என்று அந்த மனிதர் கேட்டார்.

"நான் யன்னலுக்கை நிண்டனான்."

கஞ்சி பொங்கி அடுப்பில் ஊற்றியது. யாரோ ஓடிவந்து விறகை இழுத்தார்கள். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. கும்பிட்டார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"உம்மிலை ஒரு பிழையுமில்லை. நீர் பாத்ததும் சரி. மீற்றரும் சரி, பெல்ற்றும் சரி. என்ரை பிள்ளைதான் இல்லை."

அதை எங்கள் வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது எங்களுக்கு வீடும் இல்லை.

அவர் அந்தக் கதையைச் சந்தையில் தேடித் தேடிச் சொன்னாராம். சாவகச்சேரிச் சந்தை முழுவதும் அப்போது எங்கள் பக்கத்துச் சனம்தான். மருதனார்மடத்தில் வெங்காயம் விற்ற ஒருவர் எங்கள் வகுப்பறையைக் கண்டுபிடித்து வந்து, ஒன்றும் பேசாமல் அம்மாவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குந்தி இருந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா, அண்ணைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேணும், ஐயரைப் பார் என்று என்னிடம் சொன்னார். இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு ஐயரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளை செத்த திதி என்ன என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"அவன்ரை ஐயா செத்த திதியிலையே வையுங்கோ" என்றார் அம்மா.

இப்போது அம்மாவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் திதியில் ஐயாவுக்கும் அண்ணைக்கும் ஒன்றாகத்தான் படைக்கிறேன்.